மொட்டைக் கடிதாசியும் உன் வீடியோவும்

மக்களே,

நீ என் அக்கா பிள்ளை, இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நடிகையின் விவாகரத்தைப் பற்றி நீ வீடியோவில் பேசியது ஊருக்கே கேட்டது. பதிலும் ஊரறிய இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பதினோரு நிமிடத்தையும் முழுதாகப் பார்த்தேன். தம்ப்நெயிலில் சிவப்பு வட்டம், ஓர் அம்புக்குறி, 'உண்மைக் காரணம் இதுதான்' என்ற எழுத்து. உள்ளே போனால் 'நெருங்கிய வட்டாரத்தில் சொல்கிறார்கள்', 'கோடம்பாக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. யார் சொன்னது, யாரிடம் சொன்னது? அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை இருக்கிறது. அது நாளைக்குப் போனைத் திறந்தால் உன் குரலைத்தான் கேட்கும்.

நீ தினமும் பைக்கில் வடசேரியைத் தாண்டிப் போகிற ஒழுகினசேரிதான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த இடம். நம் அம்மன் கோயில் கொடைகளில் பாடுகிற வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோன மனிதர். அவர் வாழ்க்கையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் கழிந்தது. உன் வீடியோ மாதிரியான ஒரு பத்திரிகையில் தொடங்கிய வினை அது.

சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் அதில் சரக்கு. தங்களைப் பற்றி எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. சினிமாக்காரர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்து அதை நிறுத்த வைத்தார்கள். அப்புறம் அவர் 'இந்து நேசன்' என்ற பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. அந்தக் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய்த் திரும்பி வந்து, 1947இல்தான் விடுதலை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் நடித்த பாகவதர் சிறைக்குள் இருந்தார். வெளியே வந்த பிறகு பழைய இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

எழுதியவர் செத்தார். எழுதப்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். காசு கொடுத்து வாங்கிப் படித்த ஜனங்களுக்குத்தான் ஒரு நஷ்டமும் இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான்.

சரி, இது பெரிய மனிதர்களின் கதை. நம் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். உன் அம்மாவிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். அவளுக்கு நிச்சயம் முடிந்து இரண்டு வாரத்தில் தக்கலையில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது. டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரு பையனோடு நின்று பேசுகிறாளாம். அந்தப் பையன் எங்கள் பெரியம்மா மகன், எங்களுக்கு அண்ணன் முறை. அதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதற்குள் கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. தாத்தா அவளை அதற்குப் பிறகு கிளாசுக்கு அனுப்பவில்லை. லோயர் பாஸ் செய்திருந்தவள் ஹையர் எழுதவே இல்லை. அந்தக் கடிதாசியில் இருந்ததும் 'பேசிக்கொள்கிறார்கள்' என்ற வார்த்தைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையாள சினிமாவில் பெண்கள் படுகிற பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 அன்று வெளியானபோது நீ ஒரு வீடியோ போட்டாய். நம் பக்கத்து வீடுகளில் பாதி நேரம் மலையாளச் சேனல்தான் ஓடும், அதனால் எல்லாருமே பார்த்தார்கள். 'இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை' என்று அந்த நடிகைகளைக் கேட்டாய். மக்களே, அவர்கள் சொல்லியிருந்தார்கள். கேரள அரசு 2017இல் அமைத்த கமிட்டி அது. பெண்கள் வந்து வாய்விட்டுச் சொன்னதை எழுதி 2019 டிசம்பரிலேயே அரசிடம் கொடுத்தாயிற்று. நாலரை வருஷத்துக்கு மேல் அதை மூடி வைத்திருந்தது அரசு. அதைப் பற்றி உன் வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை.

யாரும் புகாரே சொல்லாத இடத்தில் நீ கதை கட்டுகிறாய். புகார் சொன்னவர்கள் வந்து நின்றால் அவர்களைச் சந்தேகப்படுகிறாய். இரண்டு இடத்திலும் அடி வாங்குவது பெண்தான். உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எதற்கு ஆள் பார்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் போட்டு நீ அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டாய்.

அரசியல் பேசாதே என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பேசு. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை வழியாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு போகிற டாரஸ் லாரிகளைப் பற்றிக் கேள். நம் மலையை யார் உடைக்கிறார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேள். அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ பெயரைச் சொல்லியே கேள். அது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய காரியம். ஆனால் போன தேர்தலில் நீ ஒரு பெண் வேட்பாளரின் சேலையையும் அவர் தனியாக வாழ்வதையும் பற்றித்தான் நாலு நிமிடம் பேசினாய். அவர் ஜெயித்தால் என்ன செய்வதாகச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த விவாகரத்து வீடியோவை எடுத்துவிடு. எடுத்த பிறகு எனக்குப் போன் செய்ய வேண்டாம், உன் அம்மாவிடம் போய்ச் சொல். அவள் அதை இரண்டு தடவை பார்த்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உன் சித்தி,
நாகர்கோவில்