புயல் கரையைக் கடந்த பிறகு எங்கே போகிறீர்கள்? செய்தி சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி சேனல்களின் ஆசிரியர்களுக்கும், புயல் என்றதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடும் யூடியூப் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது. ஃபெஞ்சல் புயல் சமயத்தில் எடுத்த காட்சி. மழைக்கோட்டு போட்ட ஒரு பையன் முழங்கால் அளவு அலையில் நிற்கிறான், காற்று தள்ளுகிறது, மைக்கை மட்டும் விடவில்லை. கீழே கொட்டை எழுத்தில் 'புயலை நேருக்கு நேர் சந்தித்தோம்'. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சந்தித்தீர்கள், சரி. அது கரை ஏறிய பிறகு எங்கே போனீர்கள்?

2024 நவம்பர் 30-ஐ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உருவாகுமா உருவாகாதா என்று நாட்கணக்கில் இழுத்தடித்த புயல் அன்று சாயங்காலம் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடக்க ஆரம்பித்தது. மெரினா, பட்டினப்பாக்கம், மாமல்லபுரம், புதுச்சேரி கடற்கரைச் சாலை, எங்கு பார்த்தாலும் உங்கள் ஆட்கள். நள்ளிரவு வாக்கில் 'கடந்துவிட்டது' என்றீர்கள், அத்தோடு கதை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. அதுவோ புதுச்சேரியை ஒட்டி மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை, அடுத்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் அதே 50. ஊத்தங்கரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்? திருவண்ணாமலையில் டிசம்பர் 1-ஆம் தேதி மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

என் அம்மாவும் அப்பாவும் தென்பெண்ணைக் கரையில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். நான் சென்னையில். ஊரில் கரண்ட் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. டிசம்பர் 1 ராத்திரி அம்மா போன் செய்தார், சார்ஜ் போகப்போகிறது என்பதால் அவசர அவசரமாக. "டி.வி. பாத்து சொல்லுப்பா, அணையில எவ்ளோ தண்ணி உடறாங்க? மாட்ட அவுத்து உட்டுடவா?" கேட்டது இவ்வளவுதான். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாக மாற்றுகிறேன். ஒன்றில் முந்தின நாள் அலை. இன்னொன்றில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். மற்றொன்றில் சென்னையில் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்ற பட்டியல். எங்கள் ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையின் கணக்கு எதிலும் என் கண்ணில் படவில்லை. "ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். அப்புறம் லைன் கிடைக்கவில்லை.

அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் வந்தது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்று அரசு சொன்னது, இல்லை என்று எதிர்க்கட்சி சொன்னது, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அப்பா இருட்டிலேயே அரிவாளால் மாட்டுக் கயிறுகளை அறுத்துவிட்டார். கன்றுக்குட்டி பின்பக்கம் கட்டியிருந்தது, அங்கே போவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கன்று போய்விட்டது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவு வண்டல், மூட்டைக்குள் இருந்த நெல் முளைவிட்டிருந்தது. இத்தனைக்கும் அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே முங்கிப்போய், விக்கிரவாண்டி பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகுதான் பலருக்கு விழுப்புரம் மாவட்டம் ஞாபகம் வந்தது. இருவேல்பட்டில் ஒரு அமைச்சர் மேல் சேறு விழுந்தது பாருங்கள், எங்கள் வட்டாரம் நாள் முழுக்கத் திரையில் ஓடியது அன்றைக்குத்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். புயல் கரை ஏறியதும் கேமராக்களில் பாதியையாவது கடலிலிருந்து ஆற்றுப் பக்கம் திருப்புங்கள். எந்த அணையில் எத்தனை கன அடி, அது எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று, மணிக்கு ஒரு தடவை, ஊர்ப் பெயரோடு கீழே ஓடவிடுங்கள். கரண்ட் இல்லாத ஊரில் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் பார்ப்போம். சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் போன் போடுகிறவர்கள் நாங்கள்தான்.

அந்த அலையில் நின்ற பையனைப் பற்றியும் கேட்டாக வேண்டும். 'பொதுமக்கள் யாரும் கடற்கரைக்கு வர வேண்டாம்' என்று அவன் கடற்கரையில் நின்றே சொல்கிறான், பின்னால் நாலு பேர் செல்ஃபி எடுக்கிறார்கள். அவனுக்குக் காப்பீடு உண்டா? அவன் எதிரே அதே அலையில் நின்று படம் பிடிக்கும், யார் கண்ணிலும் படாத கேமராமேனுக்கு? செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் மாவட்ட நிருபர் வழுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?

ஆபத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் விமானத்தைப் புயலுக்குள்ளேயே ஓட்டிப்போகும் படைப்பிரிவு ஒன்று மிசிசிப்பியில் இருக்கிறது. உள்ளே கருவிகளைப் போடுவார்கள், அவை விழுந்துகொண்டே காற்றின் வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் அனுப்பும், எந்த ஊரைக் காலி செய்யலாம் என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு உதவும். 1955-இல் ஜேனட் புயலுக்குள் போன கடற்படை விமானம் திரும்பவே இல்லை, ஒன்பது வீரர்களோடு கனடாவின் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் போனார்கள். அந்த உயிர்களுக்கு விலை கிடையாது, ஆனால் எதற்காக உள்ளே போனார்கள் என்பது தெரியும். நம் பையன் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தகவல் என்ன? 'காற்று பலமாக வீசுகிறது.' அது எங்கள் வீட்டு முருங்கை மரமே சொல்லிவிடும் சார்.

யூடியூப் நண்பர்களே, உங்களில் பொறுப்பாக மழைக்கணக்கு சொல்கிறவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மற்றவர்களுக்கு: சிவப்பு வட்டம், அம்புக்குறி, 'சென்னை தாங்குமா?' என்று ஒரு படம். சென்னை தாங்கும். தாங்காவிட்டால் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். 'ஊத்தங்கரை தாங்குமா?' என்று ஒருத்தராவது போட்டீர்களா? போட்டால் வியூஸ் வராது, தெரியும்.

கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வடகிழக்குப் பருவமழைக்குள் சாத்தனூரில் ஒருவர், திருக்கோவிலூர் அணைக்கட்டில் ஒருவர், எங்கள் கரையில் ஒருவர், இவ்வளவு பேரை நிறுத்த முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர் அலைக்கு எதிரே நிற்க வேண்டாம், மேட்டுத் தெரு பள்ளிக்கூட மாடியில் நின்றாலே ஆறு நன்றாகத் தெரியும். சாப்பாட்டை ஊரில் பார்த்துக்கொள்கிறோம். பவர் பேங்க் மட்டும் இரண்டு கொடுத்தனுப்புங்கள், ஒன்று அம்மாவுக்கு.