பூனையின் ஆசனவாய்ப் பைகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பூனை வளர்க்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பூனையைக் குளிப்பாட்டக் கொண்டுவரும்போது, "அப்படியே பின்னால இருக்கிற பையையும் பிதுக்கி விட்டுருங்க" என்று பலர் கேட்கிறீர்கள். நாய்க்குச் செய்கிறார்களே, பூனைக்குச் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். எங்கள் கடையில் பூனைக்கு அதைச் செய்வதில்லை. காரணம் என்ன, வீட்டில் நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும், எந்த நிலையில் கிளினிக்குக்குக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறோம்.

ஆசனவாயைக் கடிகார முகம் என்று வைத்துக்கொண்டால், 4 மணிக்கும் 8 மணிக்கும் நேராகத் தோலுக்கு உள்ளே பக்கத்துக்கு ஒரு பை இருக்கிறது. அளவு ஒரு பட்டாணிதான். உள்தசை வளையத்துக்கும் வெளித்தசை வளையத்துக்கும் நடுவே அது அமர்ந்திருக்கிறது. ஊசிமுனை போன்ற குழாய் வழியாக ஆசனவாயின் ஓரத்தில் திறக்கிறது. பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் நாற்றமுள்ள ஒரு நீரைச் சுரக்கும். பூனைக்குப் பூனை அது வேறுபடும்: சிலதுக்கு வெளிர்மஞ்சள் நீர், சிலதுக்குப் பழுப்புக் களிம்பு. நிறத்தை மட்டும் பார்த்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. கெட்டியான மலம் வெளிவரும்போது பை நசுங்கி, ஓரிரு துளி தானாக வெளியேறும். பயந்த பூனை ஒரேயடியாகப் பீச்சிவிடும். வண்டியிலோ குளியல் தொட்டியிலோ திடீரென்று மீன் அழுகிய வாடை வந்தால் அது பயத்தால் வந்தது. ஒருமுறை வந்து நின்றுவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை.

நல்ல நிலையில் உள்ள பை தன்னைத்தானே காலி செய்துகொள்ளும். அதை மாதாமாதம் பிதுக்கினால் குழாய் வீங்கலாம், தழும்பு விழலாம், துளை சுருங்கலாம். பிறகு நிஜமாகவே அடைத்துக்கொள்ளலாம். அடைபட்ட பையை வெளியிலிருந்து அழுத்தினாலோ, சீழ் உள்பக்கமாக உடைந்து சதைக்குள் பரவலாம். அத்துடன் பூனைக்கு அந்த இடம் தாங்க முடியாத வலி. தெரிந்த மருத்துவரே பல நேரம் மயக்க ஊசி போட்டுத்தான் தொடுகிறார். மாதம் தவறாமல் பிதுக்க வேண்டிய பூனை என்றால், அடைப்புக்கான காரணத்தை இன்னும் யாரும் தேடவில்லை என்றுதான் பொருள்.

பூனைக்கு இந்தத் தொல்லை நாயைவிடக் குறைவாகத்தான் வரும். வந்தாலும் பெரும்பாலும் நாய் மாதிரி தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து ஊர்வலம் வராது, மறைத்துவிடும். வாலடியை ஓயாமல் நக்கும், வாலடியிலும் பின்தொடை உள்பக்கத்திலும் முடி கொட்டும், வாலைத் தொட்டால் சீறும், மணல் தட்டுக்கு வெளியே மலம் கழிக்கும், அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் பாருங்கள். ஒருவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச் அடித்து வாலை மெல்லத் தூக்கினால் போதும். எதையும் அழுத்த வேண்டாம். இரு பக்கமும் தட்டையாக, ஒரே நிறமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் பை நிறைந்து அடைத்திருக்கிறது. சிவந்து, சூடாக, தோல் மெலிந்து கருஞ்சிவப்பாக மாறியிருந்தால் சீழ்க்கட்டி. ஆசனவாய்க்குப் பக்கத்தில் இரத்தமும் சீழும் கசியும் ஓட்டை தெரிந்தால் கட்டி உடைந்துவிட்டது. "பூனை சண்டை போட்டுக் கடி வாங்கியிருக்கு" என்று பலரும் நினைப்பது இந்த ஓட்டையைத்தான். வயதான பூனைக்குக் கல் மாதிரி கெட்டியான, வலியில்லாத புடைப்பு இருந்தால் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். அரிது, ஆனாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் குந்திக் குந்தி முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, குறியை நக்குகிறது என்றால் ஆசனவாய்ப் பையையும் மலச்சிக்கலையும் அப்புறம் யோசியுங்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மணலில் ஈரக்கட்டி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல், ஈப்போவில் இரவில் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் போன் போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள்.

கட்டி உடைந்த நிலையில் கிளினிக் போய்ச் சேரும்வரை செய்யக்கூடியது இவ்வளவுதான்: அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான துணியை நனைத்துச் சீழைத் துடையுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாம், பூனை விட்டால். நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். டெட்டால், மருந்தெண்ணெய், தைலம் எதுவும் தடவ வேண்டாம்; பூனை நக்கி விழுங்கும், அதன் ஈரலால் அவற்றைச் சமாளிக்க முடியாது. வலிக்கிறதே என்று பனடோல் (பாராசிட்டமால்) எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். ஆண்டிபயாட்டிக் கேட்டுக் கடைக்கு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்: அது மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்து, நாங்கள் விற்பதில்லை.

கிளினிக்கில், வெறும் அடைப்பு என்றால் கையுறை போட்டு, வழவழப்பான ஜெல் தடவி, விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே பையைப் பிடித்து மெல்லக் காலி செய்வார்கள். களிம்பு இறுகியிருந்தால் மயக்கத்தில் வைத்து உப்புநீரால் கழுவி, மருந்து செலுத்துவார்கள். சீழ்க்கட்டியைக் கீறிக் கழுவி, காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். உள்ளிருந்து சீழ் வடிந்து ஆற வேண்டும் என்பதற்காக. வலி மருந்தும், தேவைப்பட்டால் ஆண்டிபயாட்டிக்கும் தருவார்கள். நாலு நாளில் பூனை துள்ளுகிறதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் பையையே அறுத்தெடுப்பதும் உண்டு. பக்கத்திலேயே மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் இருப்பதால் அது கடைசி வழி.

இனிக் காரணத்துக்கு வருவோம், ஏனென்றால் வீட்டில் உங்கள் கையில் இருப்பது இதுதான். மலம் இளகிப் போனால் பையை அழுத்த ஆளில்லை. மலம் ஏன் இளகுகிறது? பால் கொடுப்பது ஒரு காரணம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. மீதிச் சோற்றில் ஊற்றும் தேங்காய்ப்பால் குழம்பு இன்னொன்று. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களையே உடைக்கும், ஆகவே குழம்புச் சோறு எந்த அளவிலும் வேண்டாம். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதுவே முழு உணவாக முடியாது.

புழுவும் பெரிய காரணம். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு எலி வழியாக நாடாப்புழு வரும். தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கினால் இன்னொரு வகை வரும். வாலடியில் அரிசி மணி மாதிரி ஒட்டிக்கொண்டு நெளிவது அதன் துண்டுகள்தான். அந்த அரிப்பில் பூனை நக்குவதைப் பார்த்துப் பை அடைத்திருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். பைரன்டெல் மட்டும் உள்ள புழு மருந்து நாடாப்புழுவைத் தொடாது. பெட்டியில் பிராசிகுவாண்டெல் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்களிடம் கேட்டால் எடுத்துக் காட்டுகிறோம். தெள்ளுப்பூச்சிக்கு, வீட்டில் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கும் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து பூனை செத்துப்போகும்.

புழுவும் இல்லை, பாலும் நிறுத்தியாயிற்று, இன்னும் இளகியே போகிறது என்றால் நார்ச்சத்து சேர்த்துப் பார்க்கலாம். உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து மசித்த மஞ்சள் பூசணி, நாளுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி. அல்லது இசப்கோல் (நார்ச்சத்துள்ள உமி) கால் தேக்கரண்டி, டின் உணவில் தண்ணீர் சேர்த்துக் குழைத்து. இசப்கோலைக் காய்ந்தபடி கிபிள் (உலர் உணவு) மேல் தூவினால் குடலில் உப்பி அடைக்கக்கூடும். கிபிளில் நீர் பத்தில் ஒரு பங்குதான், டின் உணவில் முக்கால் பங்குக்கு மேல். ஒரு வேளையாவது டின் கொடுத்தால் மலம் இறுகிக் கல்லாவதையும் தடுக்கலாம். உணவை மாற்றும்போது ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். உணவு ஒவ்வாமை என்று மருத்துவர் சந்தேகித்தால் எட்டு வாரம் அவர் சொன்ன உணவு மட்டுமே. அடுத்த வீட்டு அக்கா அன்பாக வைக்கும் நெத்திலி ஒன்று உள்ளே போனாலும் சோதனை வீண். அவரிடமும் சொல்லி வையுங்கள்.

குண்டுப் பூனைக்குப் பையைச் சுற்றிக் கொழுப்பு மெத்தை போட்டுவிடும், மலம் போகும்போது பை சரியாக நசுங்காது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் எடை கூடுதல். மைலோ மக்கால் அள்ளிப் போடாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள்: நாலு கிலோ பூனைக்குப் பெரும்பாலான கிபிளில் நாளுக்கு 50 கிராம் அளவே போதும். ஆறு கிலோ பூனை வாரத்துக்கு 60 கிராம் இளைத்தால் சரியான வேகம். பட்டினி போடக் கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

குளிப்பாட்டும்போது நாங்கள் செய்வது: வாலைத் தூக்கிப் பார்ப்போம், வீக்கம், சிவப்பு, புழுத்துண்டு தெரிந்தால் குளிப்பாட்டாமல் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். பாரசீகக் கலப்புப் பூனைகளுக்கு வாலடி முடியில் மலம் சிக்கி ஆசனவாயையே மூடிக்கொள்ளும். அந்த முடியைக் கத்தரித்து விடுவோம். கிளினிக்குக்குப் போகிறவர்கள், பூனை கடைசியாக எப்போது மலம் கழித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, என்ன சாப்பிடுகிறது, எந்தப் புழு மருந்து எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதி, மலத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
கடையினர்