ஒரே ஒரு கட்டம்: மரபணு அறிக்கை தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மரபணுச் சோதனை செய்து அறிக்கை அனுப்பும் ஆய்வகத்தாருக்கு,

வணக்கம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு டொமினிக்கன் பாட்டி உங்கள் படிவத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கறுப்பர், வெள்ளையர், ஹிஸ்பானிக் (அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி) என்று கட்டங்கள். ஒன்றில்தான் டிக் அடிக்கலாம். "அப்பா வழி கறுப்பர், அம்மா வழி ஸ்பானியர், நான் எது?" என்று கேட்டுவிட்டு, ஹிஸ்பானிக் என்று அடித்தார். அப்புறம் ஒருநாள் அவர் மகள் அறிக்கையோடு வந்து நின்றார். அல்சைமர் என்ற மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 (APOE4) என்ற மரபணு வகை பாட்டியிடம் ஒரு பிரதி இருக்கிறதாம். அதனால் ஆபத்து மூன்று மடங்காம். தடித்த எழுத்தில்.

அந்த மூன்று மடங்கு யாருடைய கணக்கு? பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தது. புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடம் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. 19ஆம் குரோமோசோமில் அந்த மரபணு இருக்கும் துண்டு ஆப்பிரிக்க மூதாதையிடமிருந்து வந்திருந்தால், அதே ஏபிஓஇ4 செய்யும் கெடுதல் குறைவு. ஐரோப்பியத் துண்டென்றால் கூடுதல். உடம்பு முழுக்க எத்தனை சதவீதம் ஆப்பிரிக்கம் என்பது இங்கே பேச்சே இல்லை. அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ நகரங்களில் 2008 முதல் 2011 வரை 16,000க்கும் மேற்பட்ட லத்தீன் மக்களைச் சேர்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி கூடுதலாக உள்ளவர்களிடம் ஏபிஓஇ4இன் பிடி தளர்வதை அதன் தொடர் ஆய்வு காட்டியது. மெக்சிகோக்காரரும் கியூபாக்காரரும் ஹிஸ்பானிக் என்ற ஒரே கட்டத்துக்குள் எப்படி அடங்குவார்கள்?

சரி, அதற்காக இவர்களுக்கு மறதி நோய் வராது என்றில்லை. அமெரிக்காவில் வெள்ளையரைவிட லத்தீன் முதியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சின்ன வயதில் நின்றுபோன படிப்பு எல்லாம் இதில் சேர்த்தி. நரம்பு தேடியபடி பாட்டியிடம் பேச்சுக்கொடுத்தேன். சர்க்கரை வந்து இருபது வருடமாம். கட்டுப்படுத்தக்கூடியது அதுதான். உங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்று மடங்கு என்று அச்சடிக்கும் இடத்திலேயே, யாரிடம் எடுத்த கணக்கு என்றும் போடுங்கள். துண்டின் பூர்வீகத்தைப் பார்ப்பது ஒன்றும் புதுவித்தை இல்லை; வம்சாவளிப் படம் என்று காசு வாங்கிக்கொண்டு விற்கிற அதே நுட்பம்தான். அப்படியே ஸ்பானிய மொழியிலும் அடியுங்கள். அன்றைக்கு அந்த மகளுக்கு நான்தான் அரைகுறை ஸ்பானியத்தில் திக்கித் திணறிச் சொன்னேன். அது என் வேலை இல்லை.

இப்படிக்கு,
பிராங்ஸில் ஊசி பிடிக்கும் ஒருத்தி