வரைபவர் மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயலித் திரைகளை வடிவமைக்கும் மென்பொருள்களைப் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதில் என்ன வசதி என்று கட்டம் போட்டு டிக் அடித்திருந்தீர்கள். பயனுள்ளதுதான். ஆனால் ஏழு பேர் கொண்ட குழுவில் வேலை செய்யும் எனக்கு அதில் ஒரு வரி குறைந்தது: வரையத் தெரியாதவர்கள் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

எங்கள் குழுவில் வரைபவர்கள் இரண்டே பேர், நானும் இன்னொருவரும். மற்ற ஐந்து பேரும் பார்ப்பவர்கள், அளவெடுப்பவர்கள், குறை சொல்பவர்கள். முன்பு நாங்கள் இருவர் மட்டும் பேசி முடிவெடுத்து ஒரு மென்பொருளை வாங்கினோம். பெயர் வேண்டாம். வரைய அவ்வளவு சுகம். ஆனால் அதை நிறுவாத கணினியில் ஃபைல் திறக்காது. எனவே ஒவ்வொரு திரையையும் படமாக்கி வாட்ஸப்பில் அனுப்பினோம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் 2 புதுசு’ என்று பெயர்கள் நீண்டுகொண்டே போயின. டெவலப்பர் ‘ஃபைனல் 2’ஐப் பார்த்து மூன்று நாள் உட்கார்ந்து நிரல் எழுதி முடித்த பிறகுதான், ‘புதுசு’ என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது. கோபப்படக்கூட இல்லை, மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த முறை அவரையும் டெஸ்டரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் தேடினோம். கம்பெனிகள் காட்டும் பளபளப்பான மாதிரித் திரைகளை ஒதுக்கிவிட்டு, எங்களிடம் இருந்ததிலேயே தொல்லை பிடித்த முன்பதிவுப் படிவத்தை எடுத்தோம். தேதி தேர்வு, தப்பாக நிரப்பினால் வரும் சிவப்பு எழுத்து, நெட் போனால் வரும் வெறும் திரை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வாரம் கொடுத்து, அதே படிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம்.

முதல் சோதனையே தமிழ்தான். ‘சப்மிட்’ என்று நாலு எழுத்தில் அடங்கிய பொத்தான், ‘சமர்ப்பிக்கவும்’ என்று ஒன்பது எழுத்தானதும் என்ன ஆகிறது? சொல்லுக்கேற்ப விரிகிறதா, அல்லது எழுத்து வெளியே பிதுங்குகிறதா? ஒரு மென்பொருளில் ‘கொடு’ என்று தட்டினால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நின்றது, கால் எங்கோ கிடந்தது. அதை அந்த நிமிடமே மூடிவிட்டோம். இந்தச் சோதனை உங்கள் கட்டத்தில் இல்லாதது, அதுவும் தமிழ்ப் பத்திரிகையில் இல்லாதது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடைசியில் ஃபிக்மாவுக்கு வந்தோம். அது பிரவுசரிலேயே ஓடுகிறது. இணைப்பைத் தட்டினால் டெஸ்டர் தன் பழைய போனிலேயே திரையைத் திறந்து, இரண்டு வரியாக உடைந்த பொத்தானின் மேலேயே ‘இது சரியில்லை’ என்று எழுதிவிடுகிறார். எங்களுக்கு வேண்டியது அதுதான். ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் படிவங்களாகவே செய்கிற குழு என்றால் ஆக்ஷர் என்ற மென்பொருளைப் பார்க்கலாம், நிபந்தனைகளும் மாறிகளும் (கொடுத்த பதிலை நினைவில் வைத்துக்கொள்பவை) அதில் வலுவானவை. யாருக்கெல்லாம் திருத்தும் அனுமதி, யாருக்குப் பார்க்க மட்டும் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள், பில் பெரும்பாலும் அங்கேதான் ஏறும்.

அப்புறம் இன்னொன்று. இந்த மென்பொருள்களுக்கு ஆயுள் கெட்டியில்லை. ஃபயர்வொர்க்ஸை அடோபி 2013ல் கைவிட்டது. அடோபி எக்ஸ்டியில் புதிய வசதிகள் வருவது நின்றுவிட்டது. இன்விஷன் 2024 முடிவோடு கடையைக் கட்டியது. ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2022ல் அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் போட்டி ஆணையங்களின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்தப் பேச்சு முறிந்தது. அந்த ஒன்றேகால் வருடமும் பயன்படுத்துகிற யாருக்கும் அடுத்து என்ன என்று தெரியாது. ஆகவே உள்ளே போகும் வழியைப் பார்க்கும்போதே வெளியே வரும் வழியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் என்ற மென்பொருளின் ஃபைலைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஜேசன் (JSON) என்ற வெறும் எழுத்து வடிவத் தரவு, வேறு நிரல்களாலும் படிக்க முடியும். பென்பாட் திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது, சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

நாங்கள் மாதக் கடைசியில் முக்கியமான திரைகளை எஸ்விஜியாகவும் (பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) பிடிஎஃப்பாகவும் இறக்கி எங்கள் இடத்தில் சேமிக்கிறோம். அந்த வேலை என் தலையில்தான், புலம்பிக்கொண்டே செய்கிறேன். அடுத்த வாரம் அதே முன்பதிவுப் படிவத்தை பென்பாட்டில் போட்டுப் பார்க்கப் போகிறோம். டெவலப்பர் சரி என்றுவிட்டார். டெஸ்டர் மட்டும், முதலில் தன் போனில் திறக்கட்டும், மற்றதை அப்புறம் பேசலாம் என்கிறார்.

இப்படிக்கு,
ஏழு பேர் குழுவில் வரையும் இருவரில் ஒருவர்