முதல் ஆண்டுச் சளியும் காய்ச்சலும்: மழலையர் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மழலையர் பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோரிடம் நீங்கள் தரும் தாள்களில் கட்டணம், பள்ளி நேரம், விடுமுறை நாட்கள், கொண்டுவர வேண்டிய பொருட்கள் என எல்லா விவரங்களும் இருக்கின்றன. அடுத்த பல மாதங்களுக்கு அந்தக் குடும்பத்தின் அன்றாட வாழ்வையே புரட்டிப்போடப் போகிற ஒன்றைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. பள்ளிக்கு வரத் தொடங்கிய குழந்தை அடிக்கடி நோய்வாய்ப்படும் என்பதுதான் அது. இதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்றும், நோயுற்ற குழந்தை எப்போது வீட்டில் இருக்க வேண்டும், எப்போது திரும்பி வரலாம் என்பதைக் குழந்தையின் உடல்நிலையை அளவுகோலாகக் கொண்டு எழுத்தில் வரையறுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே, மழலையர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாயாக இம்மடலை எழுதுகிறேன்.

இளம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பலருடன் சேர்ந்திருக்கும் இடத்துக்குச் செல்லத் தொடங்கிய குழந்தைக்கு இந்த எண்ணிக்கை 10, 12 என்றும் உயரலாம். ஒவ்வொரு முறையும் மூக்கொழுகலும் இருமலும் அடங்க 10 முதல் 14 நாட்கள் பிடிக்கின்றன. இருமல் மட்டும் மூன்று வாரங்களைத் தாண்டியும் இழுப்பதுண்டு. 8 சளிக்குத் தலா 10 நாட்கள் என்று குறைவாகவே கணக்கிட்டாலும் ஆண்டில் 80 நாட்கள் ஆகின்றன. அந்த நாட்கள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. சளிக் காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. ஒரு சளி முழுதாக ஓயும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால், அடுத்தடுத்து வந்த வெவ்வேறு தொற்றுகளைத் தீராத ஒரே நோய் என்று பெற்றோர் எண்ணிக் கலங்குகிறார்கள். இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கலக்கத்தில் பாதியாவது குறையும்.

இவ்வளவு முறை வருவதற்கான காரணம் எளிமையானது. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றில் ரைனோவைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டுமே 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிராக உடல் பெறும் பாதுகாப்பு மற்றொன்றைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற எதிர்ப்புப் புரதங்களும் பிறந்த சில மாதங்களில் குறைந்துவிடுகின்றன. அதுவரை வீட்டில் சிலரோடு மட்டுமே பழகிய குழந்தை, பல வீடுகளிலிருந்து வரும் குழந்தைகளுடன் ஒரே அறையில், ஒரே பொம்மைகளை வாயில் வைத்து விளையாடும்போது, தன் உடல் இதுவரை அறியாத வைரஸ்களை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறது. நடு காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் இந்த வயதில் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் சளியோடு காதுவலியும் எளிதில் சேர்ந்துகொள்கிறது.

இது தெரியாத இடத்தில்தான் பழிச்சொல் முளைக்கிறது. "உங்கள் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை போலிருக்கிறது" என்று ஒரு ஆசிரியை வாசலில் நின்று அக்கறையோடுதான் சொல்வார். அதைக் கேட்ட தாய் அன்றிரவு உறங்கமாட்டார். அடுத்த நாளே எதிர்ப்பாற்றலைப் பெருக்குவதாக விளம்பரம் செய்யப்படும் ஏதோ ஒரு மருந்துப் புட்டி வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் பள்ளியை நிறுத்தச் சொல்வார்கள். அந்தக் குழந்தையின் எதிர்ப்பாற்றலோ பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2002ஆம் ஆண்டு வெளியானது. பெரிய குழுக்களாக இருந்த பராமரிப்பு மையங்களுக்குச் சென்ற குழந்தைகளுக்கு 2 வயதில் சளி அதிகமாக இருந்தது. 6 முதல் 11 வயது வரை, வீட்டிலேயே வளர்ந்தவர்களைவிட அவர்களுக்குச் சளி குறைவாக இருந்தது. 13 வயதில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நோய் வரட்டும் என்று விட்டுவிடுவதற்கு இது ஒரு சாக்காகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால், மூத்த பிள்ளைக்கு வெறும் மூக்கொழுகலாக வந்தது அந்தக் கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறக்கூடும். ஆயினும் பிள்ளை பலவீனமாகப் பிறந்துவிட்டதோ என்று குமைந்துகொண்டிருக்கும் பெற்றோருக்கு இந்த உண்மை பெரிய ஆறுதல், அதைச் சொல்லும் வாய்ப்பு மற்ற எவரையும்விட உங்களுக்கே அதிகம் இருக்கிறது.

இனி உங்கள் விதிகளைப் பற்றி. பல பள்ளிகளில் இருப்பது "உடல்நலமில்லாத குழந்தையை அனுப்ப வேண்டாம்" என்ற ஒரே வாக்கியம்தான். உடல்நலமின்மை என்பதை யார், எதை வைத்து முடிவு செய்வது என்பது அதில் இல்லை. ஒரு நாள் மூக்கொழுகலோடு வந்த குழந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. மறுநாள் அதே நிலையில் வந்த வேறொரு குழந்தை உள்ளே அனுமதிக்கப்படுகிறது. இந்தத் தெளிவின்மையின் விளைவை ஒவ்வொரு வகுப்பிலும் காணலாம். விடியற்காலையில் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. பெற்றோர் இருவருக்கும் விடுப்பு தீர்ந்துவிட்டது. பாராசிட்டமால் கொடுக்கிறார்கள்; சூடு தணிகிறது; சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சி எதுவும் சொல்லாமல் விட்டுச் செல்கிறார்கள். அந்த மருந்தின் வேலை 4 முதல் 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். மதியத்துக்குள் காய்ச்சல் திரும்பி, குழந்தை ஒரு மூலையில் சுருண்டுவிட, தொலைபேசி அழைப்பு போகிறது. நடந்ததைச் சொல்லவே அஞ்சும் நிலையைத் தெளிவற்ற விதி உண்டாக்கியிருக்கிறது என்பதைப் பாராமல், அந்தப் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று தீர்மானிப்பது நியாயமாகாது.

ஆகவே விதி வெளிப்படையாகவும் அனைவருக்கும் ஒன்றாகவும் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல் என்றும், காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் வரலாம் என்றும் எழுதுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று 48 மணி நேரம் கழித்து வரட்டும். சின்னம்மையென்றால் எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரையும், தட்டம்மையென்றால் தடிப்பு தோன்றிய பிறகு 4 நாட்களும் வீட்டில் இருப்பது அவசியம். இவை தவிர, காய்ச்சல் இல்லாவிட்டாலும் விளையாட்டில் கலந்துகொள்ள முடியாத அளவுக்குச் சோர்ந்திருக்கும் குழந்தை, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க முடியாத அளவுக்கு ஆசிரியரின் முழு நேரக் கவனிப்பும் தேவைப்படும் குழந்தை ஆகியோர் வீட்டில் இருப்பதே அவர்களுக்கும் நல்லது.

அதே தெளிவோடு, எதற்காகத் திருப்பி அனுப்பமாட்டீர்கள் என்பதையும் எழுத வேண்டும். காய்ச்சலின்றிச் சுறுசுறுப்பாக ஓடியாடும் குழந்தைக்கு மூக்கொழுகுவதும், சளிக்குப் பின் மிஞ்சிய இருமல் தொடர்வதும் வீட்டில் வைத்திருக்கப் போதிய காரணங்கள் அல்ல. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது சாதாரண வைரஸ் சளியிலும் நடப்பதுதான்; நிறத்தை மட்டும் வைத்து நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பல வைரஸ்கள் அறிகுறி தெரியும் முன்பே பரவத் தொடங்கிவிடுவதால், ஒழுகும் மூக்கைப் பார்த்துத் திருப்பி அனுப்புவதால் வகுப்பு பெரிதாகக் காக்கப்படுவதும் இல்லை. கை, கால், வாய் நோயில் வைரஸ் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறுகிறது. அது முற்றிலும் நீங்கும் வரை குழந்தையை நிறுத்தி வைப்பது நடக்கக்கூடிய காரியமா? காய்ச்சல் நின்று, வாய்ப்புண் ஆறிச் சாப்பிடத் தொடங்கிய குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, கைகழுவுதலை இருமடங்கு கவனத்தோடு செய்வதே பயன் தரும்.

மருத்துவச் சான்றிதழ் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். சாதாரணச் சளிக்காக இரண்டு நாள் வராத குழந்தையிடம் சான்று கேட்கும்போது, தேறிவந்த பிள்ளையை வேறு பல நோயாளிகள் அமர்ந்திருக்கும் அறைக்கு நீங்கள் அனுப்புகிறீர்கள். "இனிப் பரவாது" என்று உறுதியளிக்க எந்த மருத்துவராலும் இயலாது. பெற்றோரோ, எப்படியாவது நாளையே பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடியில், ஆன்டிபயாட்டிக் எழுதித் தரும்படி மன்றாடுகிறார்கள். வைரஸை ஆன்டிபயாட்டிக் கொல்லாது. தேவையின்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரலாம். கிருமிகள் மருந்துக்குப் பணியாத தன்மையைப் பெறுவதற்கும் அது வழி வகுக்கும். பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி போன்றவற்றுக்கு அந்த மருந்து தேவைதான். அதை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. சான்றிதழ் கேட்கும் வழக்கத்தைத் தட்டம்மை போன்ற குறிப்பிட்ட சில நோய்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டு முழுதும் ஒரு நாளும் தவறாமல் வந்த குழந்தைக்கு மேடையில் பரிசு வழங்கும் பழக்கத்தையும் இந்த வயதில் கைவிடுங்கள். நோய்வாய்ப்பட்ட நாட்களுக்காக மூன்று வயதுக் குழந்தை ஒரு பரிசை இழக்கக் கூடாது, அந்தப் பரிசுக்காக எந்தப் பெற்றோரும் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பவும் கூடாது.

பள்ளிக்குள் செய்ய வேண்டியவற்றை நீங்கள் அறிவீர்கள். நாள்தோறும் தவறாமல் செய்வதுதான் கடினம். உள்ளே வந்ததும், உண்ணும் முன்பும், கழிப்பறைக்குச் சென்ற பின்பும், மூக்கைத் துடைத்த பின்பும் 20 விநாடிகள் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கைகழுவ வேண்டும். குழந்தைகளோடு ஆசிரியர்களும் உதவியாளர்களும் கழுவ வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸுக்கு எதிராகச் சானிடைசர் சரியாக வேலை செய்யாது என்பதால் சோப்புக்கு மாற்றாக அதை வைத்துக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே துவாலை தொங்குவதும், சன்னல்களை அடைத்த அறையில் குழந்தைகளை நெருக்கமாகப் படுக்க வைப்பதும் நிற்க வேண்டும். ஊழியர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஊதிய இழப்பின்றி விடுப்பு கொடுங்கள். சம்பளம் போய்விடும் என்று இருமிக்கொண்டே வகுப்பெடுக்கும் ஆசிரியரை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு விதி வகுப்பதில் பொருளில்லை. தடுப்பூசி அட்டவணையைச் சேர்க்கையின்போது சரிபார்ப்பதோடு, 6 மாதம் நிறைந்தவர்கள் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளக்கூடிய ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் நினைவூட்டலாம்.

வகுப்பில் ஒரு தொற்றுநோய் உறுதியானால், அன்றே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். நோயின் பெயரையும் கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் சொன்னால் போதும். குழந்தையின் பெயர் எவ்வகையிலும் வெளிப்படக் கூடாது. வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருக்கலாம். சின்னம்மை பற்றிய செய்தி ஒரு வாரம் தாமதமாக வந்தால் அவர்களுக்கு அது எந்தப் பயனும் தராது.

இயல்பான நோய் எது, அவசரம் எது என்பதை ஆசிரியர்கள் பிரித்தறியப் பயிற்சி வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, எதையும் குடிக்க மறுப்பது, வெகுநேரம் சிறுநீர் கழிக்காதிருப்பது, எழுப்பினாலும் விழிக்காமல் மயங்கிக் கிடப்பது, வலிப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பெற்றோர் வரும் வரை காத்திராமல் மருத்துவ உதவியை நாட வேண்டும். அதுபோலவே ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வருவது, காதுத் தொற்று நான்கு முறையோ அதற்கு மேலோ வருவது, எடை கூடாமல் நிற்பது ஆகியன முதலாண்டுச் சளி என்று கடந்துபோகத்தக்கவை அல்ல. அத்தகைய குழந்தையைப் பற்றிய கவலையை நீங்கள் தயங்காமல் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். மற்றபடி, இருமல் மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கச் சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் இருமல், சளி மருந்துகள் 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொருத்தமானவை அல்ல.

பெற்றோராகிய எங்கள் பக்கமும் கடமைகள் உண்டு. காலையில் மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்வது, நீங்கள் அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண்ணையும் நாங்கள் வர முடியாதபோது வரக்கூடிய இன்னொருவரின் பெயரையும் தருவது, வகுத்த விதியை நமக்கு வசதியில்லாத நாளிலும் ஏற்பது ஆகியவற்றை நீங்கள் எழுத்தில் கேளுங்கள், கையெழுத்திடுகிறோம். முதலாண்டில் அடிக்கடி விடுப்பு தேவைப்படும் என்பதை விளக்கி நீங்கள் தரும் ஒரு கடிதம், பெற்றோர் பலருக்குத் தங்கள் பணியிடத்தில் பேசத் துணையாகவும் இருக்கும்.

அடுத்த சேர்க்கை தொடங்கும் முன் இந்த விதிகளைக் குழந்தை மருத்துவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, ஒரு பக்க அளவில் அச்சிட்டு, புதிதாகச் சேரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் நாளுக்கு முன்பே தந்து, அரைமணி நேரமாவது அமர்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைவு எழுதுவதற்கோ, புதிய பெற்றோரிடம் பேசுவதற்கோ, ஓராண்டைக் கடந்து வந்த பெற்றோரின் உதவி தேவையென்றால் அழையுங்கள்; வருகிறோம்.

இப்படிக்கு,
மழலையர் பள்ளிக் குழந்தை ஒன்றின் தாய்