மணிக்கட்டும் மணியும்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாயோ என்று இரண்டு நாளாக உறுத்துகிறது. போனில் உன்னோடு வாதாட என்னால் முடியாது. நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்!

நீ சொன்னது இதுதான்: 66 வயதில், கட்டுப் போட்ட கையோடு, இந்த நாய் எதற்கு? நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு அப்பாவும் நானும் மூன்று மாதம் உன்னோடு வந்து இருக்கலாமே?

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலும்பு கூடி வருகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். "மணிக்கட்டை மணி முறித்தது" என்று உன் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தது நான். பூனையைக் கண்டால் அது பாயும் என்பது எட்டு வருடமாக எனக்குத் தெரியும். பிடியை உள்ளங்கையில் பிடித்திருந்தால் கை நழுவியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே இந்த வழக்கில் பாதிக் குற்றம் என்னுடையது.

இனி உன் குறைகளுக்கு வருகிறேன். எதையும் மறுக்கப் போவதில்லை. முப்பது வருடம் கணக்கு எழுதியவள் நான், நீ விட்டுப்போன செலவுகளையும் நானே சேர்த்து எழுதுகிறேன்.

முடி. நீ சோபாவில் பார்த்தது கால்வாசிகூட இல்லை. என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, தலையணை உறைக்குள் இருக்கிறது, துவைத்து மடித்த துணியிலும் இருக்கிறது. மழையில் நனைந்து வந்தால் அந்த வாடை வீட்டை விட்டுப் போக ஒரு நாள் ஆகும். குட்டியாக இருந்தபோது பல் முளைக்கிற தினவில் நான்கு ஜோடிச் செருப்பையும் ஒரு நாற்காலிக் காலையும் தின்று தீர்த்தது. உண்ணி பிடித்தால் காதுமடலின் உள்புறம், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். நடக்கக் கூட்டிப் போனால் அது போட்டதை நான்தான் குனிந்து அள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவளுக்கு அது சும்மா வேலையா? அப்புறம் குடற்புழு மருந்து, வருடாந்தர ஊசி, நகம் வெட்டுவது. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். அந்த நேரமில்லாமை முழுவதும் வளர்ப்பவருக்கு வந்து சேர்கிறது.

போன முறை நீ வந்தபோது ஒரு ராத்திரி நானும் அப்பாவும் திடீரென்று வெளியே கிளம்பினோமே, நினைவிருக்கிறதா? மருந்து வாங்கப் போனதாகச் சொன்னோம். உன் மகன் அன்பாக அரைக் கட்டி சாக்லேட்டை மணிக்கு ஊட்டிவிட்டிருந்தான். சாக்லேட்டில் தியோபுரோமின் என்று ஒன்று இருக்கிறது. நம் உடம்பு அதைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளிவிடும், நாயின் உடம்பால் அது முடியாது. அளவு மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், வலிப்பு வரும். மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். பையனிடம் சொல்லாதே, பாவம். ஆனால் திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம் என்று மட்டும் சொல்லிவை.

நீ பயப்படுகிற ஒரு விஷயத்தில் எனக்கும் பயம் உண்டு. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடியால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதர்களுக்கு வருகிற ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் வழியாக வருவதுதான். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அனேகமாக இல்லை. 1885-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையனுக்குத் தடுப்பூசி போடவைத்துக் காப்பாற்றிய பிறகும் இத்தனை பேர் சாகிறார்கள் என்பது என்னால் தாங்க முடியாத கணக்கு. மணிக்கு ஒரு ஊசிகூடத் தவறியதில்லை. ஆனாலும் எந்த நாயாக இருந்தாலும், வீட்டு நாயே ஆனாலும், பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். "நம்ம நாய்தானே" என்பது மருந்தாகாது. இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள் நாய் வளர்க்கக் கூடாது. நாளெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு, அது குரைக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களும்தான்.

சரி, இவ்வளவும் தெரிந்து எதற்கு வைத்திருக்கிறாய் என்பாய். ஊரில் சொல்கிற காரணங்கள் எனக்கும் தெரியும். ஒன்றும் எனக்குப் பொருந்தவில்லை.

காவலுக்கு என்பார்கள். மணி காற்றைப் பார்த்துக் குரைக்கும், பேப்பர் போடுகிற பையனைப் பார்த்துக் குரைக்கும். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டைத் திறந்து நேராக உள்ளே வந்தபோது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

நன்றி என்பார்கள். நாம் ஒருவரைத் திட்டுவதற்கும் நாய் என்போம், நன்றிக்கும் அதையே காட்டுவோம். யானை தன் பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்க வாலைக் குழைக்கும் என்று நாலடியாரில் வருகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அழகாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் வேலை எறிந்தவன்மேல்தான் எரிச்சல் வருகிறது. அந்தப் பாட்டால் நாய்க்குப் பெருமை வரலாம், நமக்கு என்ன பெருமை? அது போகட்டும். நன்றி எல்லாம் நாம் படித்துக்கொள்வதுதான் என்று எனக்குச் சந்தேகம். தப்புச் செய்துவிட்டுக் காதைத் தாழ்த்தி ஒரு முகம் காட்டுமே, அதைக் குற்ற உணர்ச்சி என்றுதான் நான் நம்பியிருந்தேன். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், வளர்ப்பவர் அதட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அதாவது அது தன் குற்றத்தை அல்ல, நம் முகத்தைப் படிக்கிறது. செருப்பைத் தின்றதற்கு மணி ஒரு நாளும் வருந்தியதில்லை என்று இப்போது ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பிள்ளை தூரப் போனதால் அந்த இடத்துக்கு நாய் என்று சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். உன் இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. நீ ஒரு நாளும் இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்டதில்லை என்பது வேறு.

உடம்புக்கு நல்லது என்பது இன்னொன்று. சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2017-இல் வெளியிட்டார்கள். தனியாக வாழ்கிறவர்களில் நாய் வளர்ப்பவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கிற அபாயம், வளர்க்காதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. உன் அப்பா இதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். எனக்கு என் தொழில் புத்தி போகவில்லை. நாய் வளர்ப்பதால் தெம்பாக இருக்கிறார்களா, தெம்பாக இருக்கிறவர்கள்தான் நாய் வளர்க்கிறார்களா? அந்தக் கேள்விக்கு இப்படிப்பட்ட கணக்கு விடை சொல்லாது. அது மட்டுமல்ல, ஆயுளுக்காக மட்டும் நடக்கப் போயிருந்தால் நான் மூன்றாம் நாளே நின்றிருப்பேன்.

என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ஜெர்மனியில், பான் நகரத்துக்குப் பக்கத்தில், 1914-இல் கல் வெட்டுகிறவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழசு. ஓர் ஆண், ஒரு பெண், கூட ஒரு நாய். நூறு வருடம் கழித்து அந்த நாயின் பல்லை மறுபடி ஆராய்ந்தார்கள். செத்தபோது அது சுமார் ஏழு மாதக் குட்டி. அதற்கு முன் டிஸ்டெம்பர் என்கிற நோய் கடுமையாகத் தாக்கியிருக்கலாம் என்பதற்குப் பல்லில் தடயம் இருந்தது. யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்து, துடைத்து, கதகதப்பாக வைத்திருக்காவிட்டால் அத்தனை வாரம் அது தாக்குப்பிடித்திருக்காது என்கிறார்கள். மணிக்கு வருடாந்தரம் போடுகிற ஊசியில் அந்த நோய்க்கும் மருந்து சேர்ந்திருக்கிறது.

யோசித்துப் பார். விவசாயமே தொடங்காத காலம். தங்கள் வயிற்றுப் பாடே பெரும்பாடு. நோயில் கிடக்கிற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. முதலிலேயே அது வெறும் செலவுதான். தெரிந்தே செய்திருக்கிறார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? என்னைப் போலத்தான் "சரி, பார்க்கலாம்" என்றிருப்பார்கள்.

மணி வந்த நாளை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ போய் ஒரு வருடம், நான் ஓய்வு பெற்று மூன்று மாதம். மழைநாளில் கேட்டுக்கடியில் ஒதுங்கிய குட்டி. ஒரு ராத்திரிக்கு என்றுதான் உள்ளே எடுத்தேன். பெட்டை என்று தெரிவதற்குள் உன் அப்பா மணி என்று கூப்பிட்டுவிட்டார், அதுவும் திரும்பிப் பார்த்துவிட்டது. அதற்கு முந்தைய மூன்று மாதம் எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பணக்கஷ்டம் இல்லை, நோய் இல்லை. காலையில் கண் விழித்தால், எழுந்தாலும் ஒன்றுதான், எழாவிட்டாலும் ஒன்றுதான். எட்டு மணிக்கு எழுந்தேன், பிறகு ஒன்பது. உன் அப்பாவும் நானும் சண்டை போடவும் விஷயம் இல்லாமல் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். எல்லோரும் "இனி நிம்மதியாக இரு" என்றார்கள். அந்த நிம்மதியை என் எதிரிக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது விடிகாலை ஐந்தரைக்கு ஈர மூக்கு ஒன்று கையில் படுகிறது. தூக்கம் கெடுகிறது, முழங்கால் வலிக்கிறது, வெளியே இருட்டாக இருக்கிறது. திட்டிக்கொண்டே எழுகிறேன். கணக்குப் புத்தகம் போட்டு இதை எழுத உட்கார்ந்தால் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. நீ செலவில் எழுதுவாய். நானும் பல நாள் அங்கேதான் எழுதியிருந்தேன். ஆனால் அதை அடித்துவிட்டால் வரவுப் பத்தியில் இருந்தவையும் சேர்ந்து காணாமல் போகின்றன. நாய் கண்ணைப் பார்த்தால் வளர்ப்பவரின் உடம்பில் ஆக்சிடோசின் என்கிற, பாசத்தோடு தொடர்புள்ள சுரப்பு கூடுகிறது, நாயின் உடம்பிலும் கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானில் கண்டார்கள், மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லையாம். இருக்கலாம். எனக்கு ஐந்தரை மணிக்குக் கண் தெரிவதில்லை, மூக்குதான்.

உன் அப்பாவுக்கும் எனக்கும் இப்போது தினமும் சண்டை. யார் அதற்கு அதிகம் தின்னக் கொடுத்தது, யார் கதவைத் திறந்து வைத்தது என்று. நன்றாகப் போகிறது.

கொடுத்துவிடச் சொன்னாயே, அதற்கு வருகிறேன். புது வீட்டில் மணி இரண்டு மூன்று வாரம் சுணங்கும், அப்புறம் பழகிவிடும். நாய்கள் பழகும். பழகாதது நான். அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். மூன்று மாதமும் முடியாது. கட்டுப் பிரித்ததும் நான் மட்டும் பத்து நாள் வருகிறேன், அப்பா அதைப் பார்த்துக்கொள்வார். நான் திரும்பியதும் அவர் வருவார். இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் நீதான் வர வேண்டும். இதையும் செலவில் எழுதிக்கொள்.

இன்னொன்று. மணிக்கு எட்டு வயது. அந்த அளவு நாய்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை இருக்கும். நானும் சின்னப் பெண் இல்லை. யார் முந்துவோம் என்று சொல்ல முடியாது. அது முந்திப் போகும் என்றால் அந்த அழுகையை நான் பார்த்துக்கொள்வேன், தெரிந்துதான் எடுத்தேன். நான் முந்தினால், அல்லது படுத்துவிட்டால், அப்பாவால் தனியாக முடியாது. நீ அழைத்துப்போக வேண்டும் என்று கேட்கவில்லை, நல்ல இடம் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். ஊசி அட்டை பீரோவின் இரண்டாவது தட்டில், உன் சான்றிதழ்கள் இருக்கிற உறையிலேயே இருக்கிறது. வலது காதில் அடிக்கடி சீழ் வைக்கும், அதைத் துடைக்கிற மருந்தின் பெயரை அட்டையின் பின்னால் எழுதியிருக்கிறேன். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். இழுக்காதே. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் போதும், தானாக வரும்.

அன்புடன்,
அம்மா