எறும்பு ப்ராப்பர் நவுன் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில இலக்கணத்தைப் பூச்சிகளை வைத்து விளக்கியிருந்தீர்கள். ஆசையாகப் படித்தேன். ஆனால் பூச்சி காமன் நவுன், எறும்பும் தேனீயும் தட்டானும் ப்ராப்பர் நவுன் என்று அச்சாகியிருப்பது தவறு. நான்குமே காமன் நவுன்தான்.

மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வருடாவருடம் பிள்ளைகள் இதே தவறைச் செய்வதால் அதன் வேர் எனக்குத் தெரியும். தமிழ்ப் பாடத்தில் பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர் என்று படிக்கிறார்கள். இனம் முழுவதற்கும் வருவது பொது, அதற்குள் ஒரு வகையை மட்டும் குறிப்பது சிறப்பு. இது நம் இலக்கணம். அப்புறம் ஆங்கில வகுப்பில் ப்ராப்பர் நவுனுக்கும் சிறப்புப்பெயர் என்றே சொல்லித் தருகிறோம். மரங்கொத்தி சிறப்பு என்றால் எறும்பும் சிறப்புதானே என்று பிள்ளை நினைக்கிறது. வாக்கியத்தின் நடுவில் வரும் 'ஆன்ட்'டுக்கும் கேப்பிட்டல் லெட்டர் போடுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது என்பதால் கண்ணுக்கும் உறுத்துவதில்லை. யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது நியாயமில்லை.

ஆங்கிலத்தில் கணக்கே வேறு. எவ்வளவு சிறிய வகையாக இருந்தாலும் வகையின் பெயர் காமன் நவுன். ஓர் ஆளுக்கோ ஊருக்கோ ஆற்றுக்கோ என்று தனியாக வைத்த பெயர்தான் ப்ராப்பர் நவுன். நான் பொன்வண்டை வைத்துச் சொல்வேன். தீப்பெட்டியில் வேல இலை போட்டு வளர்க்கிறோமே, அந்தப் பொன்வண்டு காமன் நவுன். அதற்கு மணி என்று பெயர் வைத்தால் 'மணி' ப்ராப்பர் நவுன். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் குழப்புகிற பெயர்களும் உண்டு. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனுக்கு ஆங்கிலத்தில் 'தமிழ் யோமன்' என்று பெயர். இதில் 'தமிழ்' கேப்பிட்டலில் தொடங்குவது அது ஒரு மொழியின், மக்களின் பெயர் என்பதால். 'யோமன்' சாதாரண எழுத்தில் வந்தால் போதும். வண்ணத்துப்பூச்சி நூல்களில் இரண்டையும் கேப்பிட்டலில் எழுதும் வழக்கம் உண்டு, அது அந்தத் துறையின் வழக்கம். 'ஜாப்பனீஸ் பீட்டில்' என்ற வண்டிலும் 'ஜாப்பனீஸ்' மட்டும்தான் கேப்பிட்டல். அறிவியல் பெயருக்கு இந்த விதியும் பொருந்தாது. நம் பெட்டித் தேனீயை 'ஏபிஸ் செரானா இண்டிகா' என்பார்கள். இண்டிகா என்பது இந்தியாவைக் குறித்தாலும் முதல் சொல்லுக்கு மட்டுமே கேப்பிட்டல்.

அடுத்த வாரமே திருத்தம் வெளியிடுங்கள், தேர்வு நெருங்குகிறது. ப்ராப்பர் நவுனைத் தமிழில் சொல்லும்போது இனி 'தனிப்பெயர்' என்று எழுதினால் என் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்